முதலில் பார்ப்பது நீங்கள்தான்

காலை ஐந்தரை மணி, பால் சொசைட்டி வாசலில் வரிசை. தினமும் எட்டு லிட்டர் ஊற்றுகிற ஒருவர் இன்று ஐந்து லிட்டர்தான் கொண்டுவந்திருக்கிறார். நேற்றும் ஐந்துதான். மாடு வற்றுகிற காலம் இல்லை, நோய் என்றும் சொல்லவில்லை. வழக்கமாகப் பாலை ஊற்றிவிட்டு டீக்கடைத் திண்ணையில் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுகிற மனிதர், இப்போதெல்லாம் சீட்டு கைக்கு வந்ததும் தலை குனிந்தபடி கிளம்பிவிடுகிறார். பாலை அளந்து, மாதிரி எடுத்து, சீட்டுக் கொடுக்கும் செயலாளர் கண்ணில் இது படாமல் போகாது.

அந்தச் செயலாளருக்காகத்தான் இந்தக் கட்டுரை. அவரைப் போலவே உழவரின் காட்டுக்கும் களத்துக்கும் தொழில் நிமித்தம் போய்வருகிற மற்றவர்களுக்கும்: உதவி வேளாண்மை அலுவலர், கால்நடை ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், மகளிர் குழு ஊக்குநர், கூட்டுறவுக் கடன் சங்க ஊழியர், கோழிப்பண்ணைகளுக்குப் போகும் கம்பெனி சூப்பர்வைசர், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர், உரக்கடைக்காரர். சேலம், நாமக்கல் சமவெளியில் ஓர் உழவர் மனம் உடைந்து நிற்கும்போது, மருத்துவர் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே உங்களில் ஒருவர் அவரைப் பார்த்திருப்பார்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல், அதாவது 10.6 விழுக்காட்டினருக்கு, அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இந்த இடைவெளியை மருத்துவர்களை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. ஊருக்குள் ஏற்கெனவே போய்வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் நிரப்பத் தொடங்கலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் விதர்ப்பா பகுதியை உழவர் தற்கொலைச் செய்திகள் வழியாகத்தான் நாம் அறிவோம். அங்கே அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் ‘விஷ்ரம்’ என்ற திட்டம் நடந்தது. கோவாவின் சங்காத் அமைப்பு வடிவமைத்த முறையில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாகப் பேச வைத்தார்கள். துயரத்தில் இருப்பவருக்கு முதல் உதவி, தேவைப்பட்டால் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு சில அமர்வுகள், அதற்கும் மேல் போனால் மட்டும் மனநல மருத்துவர். தொடங்கும்போது மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 4.3 பேர்தான் உதவி நாடியிருந்தார்கள். 18 மாதம் கழித்து அது 27.2. தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னவர்கள் 5.2 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்தார்கள். 2017இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த முடிவுகள் இவை. விதர்ப்பாவில் பருத்திக்காட்டுக்கு நடுவே முடிந்தது, ஆத்தூரிலும் பரமத்தி வேலூரிலும் முடியாமல் போக எந்தக் காரணமும் இல்லை.

நம் பக்கத்துப் பாரம்

பயிற்சிக்குப் போகும் முன் உங்களுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் ஊரில் மனதை உடைப்பது எது? வெளியூர்ப் பாடப்புத்தகத்தில் ‘பயிர் இழப்பு, கடன்’ என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பார்கள். இங்கே அது வேறு வேறு உருவத்தில் வரும்.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மாதம் வரை காட்டில் நிற்கும் பயிர். ஆனால் விலை, லாரி சேகோ ஆலை வாசலுக்குப் போய், மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்த பிறகுதான் தெரியும். வெட்டின கிழங்கைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கவும் முடியாது. பத்து மாத உழைப்பின் மதிப்பு, வேறொருவர் கையில் இருக்கும் தராசில் ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது. 2020க்குப் பிறகு மாவுப்பூச்சி வேறு வந்து கொழுந்தைச் சுருட்டியது. அதற்கு எதிராக, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியை இலையின் அடிப்பக்கத்தில் அடையாளம் காண நம் களப்பணியாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த இலைக்குப் பின்னால் நிற்கிற ஆளின் முகத்தில் வரும் மாற்றத்தை அடையாளம் காணவும் அவர்களால் கற்றுக்கொள்ள முடியும். இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

அடுத்தது போர்வெல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளையிடுகின்றன. சொந்தப் பகுதியிலோ கடினப் பாறை. ஆயிரம் அடி போயும் தண்ணீருக்குப் பதில் புழுதி மட்டும் மேலே வருகிற இரவில், அந்தக் குடும்பத்தின் நகையெல்லாம் ஏற்கெனவே அடகுக்கடையில் இருக்கும். போர் போட்ட மறுவாரம் அந்த வீட்டுக்குப் போகிறவர் நீங்கள் என்றால், மானியப் படிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளில் பாரம் இன்னொரு விதம். முட்டை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். கோழி தீவனத்தைத் தின்பது நிற்காது. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவருக்கோ குஞ்சும் கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது. கொட்டகைக் கடன் மட்டும் அவருடையது. இவற்றோடு எல்லா ஊரிலும் மகளிர் குழுக் கடன். ஒரே பெண் மூன்று, நான்கு இடத்தில் வாங்கியிருப்பார். வாரத்தில் எந்தக் கிழமை யார் வருவார்கள் என்று அவர் மனதில் ஒரு நாட்காட்டியே ஓடிக்கொண்டிருக்கும்.

உழவர் என்றதும் நிலம் வைத்திருக்கும் ஆணை மட்டும் நினைக்காதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் வேளாண் துறையில் 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் நில உழவர்கள் 5,207 பேர். கூலித் தொழிலாளர்கள் 6,083 பேர். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டால், பாதிக்கு மேற்பட்டவர்களை நீங்கள் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள்.

எதைக் கவனிப்பது

யாரும் உங்களிடம் வந்து “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லப்போவதில்லை. “ஒரே யோசனையா இருக்குதுங்க” என்பார்கள். “மனசு எதுலயும் ஓட மாட்டேங்குது”, “ராவெல்லாம் தூக்கம் பிடிக்கல”, “நெஞ்சு படபடங்குது”, “கை காலெல்லாம் அசந்து போகுது” என்பார்கள். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து ‘நட்பு பெஞ்சு’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவமனை வளாகத்தில் ஒரு மரபெஞ்சு, அதில் ஒரு பாட்டி, பக்கத்தில் வந்து உட்காருகிறவர். அவர்கள் நோயின் பெயரைச் சொல்லிப் பேசுவதில்லை. ‘குஃபுங்கிசிசா’ என்று ஷோனா மொழியில் சொல்வார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ‘ஒரே யோசனை’யேதான். உங்கள் ஊர்ச் சொல்லிலேயே பேசுங்கள். பயிற்சி தருகிறவர் ஆங்கிலப் பெயர்களையே அடுக்கினால், “இதை எங்க ஊர்ல எப்படிச் சொல்லுவாங்க?” என்று நிறுத்திக் கேளுங்கள்.

கண்ணில் படுபவை இவை: பால் அளவு குறைவது, கட்டுத்தறி கூட்டாமல் கிடப்பது, களை எடுக்க வேண்டிய பருவம் தாண்டியும் காட்டுப் பக்கம் போகாமல் இருப்பது, தாடி வளர்ந்து கிடப்பது, உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் இருப்பது, குடிக்காதவர் குடிப்பது, குடிக்கிறவர் காலையிலேயே தொடங்குவது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக எதுவும் இல்லாமலும் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பலவும் ஒன்றாகச் சேர்ந்தாலோ நின்று பேசுங்கள்.

சில குறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஆசையாக வளர்த்த மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. “நான் இல்லைன்னாலும் பசங்க பொழச்சுக்குவாங்க” என்பது. “இந்தப் பத்திரமெல்லாம் எங்க இருக்குதுன்னு நீங்க தெரிஞ்சு வச்சுக்கங்க” என்பது. பல நாள் இடிந்து போய் இருந்தவர், காரணம் எதுவும் இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவது. கடைசியில் சொன்னதைப் பலர் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார்கள். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றே பேசுங்கள்.

எப்படிக் கேட்பது

நின்றுகொண்டு கேட்காதீர்கள். வண்டியை அணைத்துவிட்டு, திண்ணையிலோ வரப்பிலோ உட்காருங்கள். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்.

“என்னங்ணா, ரெண்டு மூணு நாளா பால் கொறையுது. மாடு நல்லாத்தான இருக்குது?”

“மாட்டுக்கு என்னங்க, அது நல்லாத்தான் இருக்குது.”

“நீங்க?”

இந்த ‘நீங்க’வுக்குப் பிறகு பேசாமல் இருங்கள். அரை நிமிடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பயிற்சியில் நமக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். நம் வேலையே சொல்லுகிற வேலை: என்ன மருந்து, எவ்வளவு யூரியா, எந்தத் தேதிக்குள் மனு. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பயிற்சி வகுப்பில் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் பேச மற்றவர் ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் கேட்கும் பயிற்சியை வையுங்கள். பாதிப் பேர் இரண்டாவது நிமிடத்தில் “நான் என்ன சொல்றேன்னா” என்று ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்யத்தான் வரும்.

அவர் பேச்சில் நம்பிக்கை இழந்த தொனி தெரிந்தால், நேரடியாகக் கேட்டுவிடுங்கள். “இத்தனை பாரம் இருக்கறப்ப, செத்துப்போயிட்டா தேவலைன்னு சில பேருக்குத் தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதுங்களாண்ணா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மாறாக, ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வருகிறது. “தப்பான முடிவு ஏதும் எடுத்துர மாட்டீங்களே?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதில் உட்கார்ந்திருக்கிறது. அவரும் அதையே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

நாம் நல்ல மனதோடு சொல்லிக் கெடுக்கிற வார்த்தைகள் சில உண்டு. “எல்லாம் சரியாப் போயிரும்.” “உங்களுக்கு என்னங்க கொறை, அடுத்த தெருவுல பாருங்க.” “பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாத்தீங்களா?” பெண்டாட்டி பிள்ளையை நினைத்து நினைத்துத்தான் அவர் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். அவர்களுக்குத் தான் ஒரு சுமை என்று நம்புகிறவரிடம் இதைச் சொன்னால் குற்றவுணர்வுதான் கூடும்.

பெண்களிடம் பேசும்போது இடம் முக்கியம். ஆண் ஊழியர், ஆள் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து பேசலாம். அல்லது குழு ஊக்குநரையோ செவிலியரையோ உடன் அழைத்துப் போகலாம். “அக்கா, கொஞ்ச நேரம் உக்காந்து பேசலாமா?” என்று அவர் நேரத்தைக் கேட்டுத் தொடங்குங்கள். கணவர் முன்னால் கேட்டால் பல பெண்கள் எதையும் சொல்ல மாட்டார்கள். சில நேரம் அந்தக் கணவரின் குடியும் அடியுமே காரணமாக இருக்கும்.

‘ஆமாம்’ என்று சொன்னால்

பதறாதீர்கள். “சொன்னதுக்கு நன்றிங்ணா. நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று மெல்லக் கேளுங்கள். திட்டமும் இருக்கிறது, நாளும் பக்கத்தில் இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. அவர் நம்புகிற ஒருவரை, அது மனைவியாக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம், அப்போதே அழைத்து உட்கார வையுங்கள். 14416 என்ற எண்ணுக்கு அவர் முன்னாலேயே போன் போட்டு, கைபேசியை அவர் கையில் கொடுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104ஐயும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050.

மருத்துவமனைக்குப் போகச் சொல்வதும் கூட்டிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது என்று தெரியாமல் பாதியில் திரும்பி வந்துவிடுவார்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று இன்றே விசாரித்து, உங்கள் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தைப் பற்றிக் குடும்பத்தாரிடம் தனியே பேச வேண்டும். பரண் மேல், கட்டிலுக்கடியில், மோட்டார் ரூமில் மிச்சம் மீதி கிடக்கும். அவற்றைக் கொஞ்ச காலத்துக்கு வீட்டைவிட்டே வெளியேற்றி, இன்னொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பல உயிர்கள் தப்பிவிடுகின்றன. சினேகா அமைப்பினர் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். இரண்டு கிராமங்களில், வங்கி லாக்கர் மாதிரிப் பெட்டிகள் கொண்ட பொதுச் சேமிப்பறை கட்டி, மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்கச் சொன்னார்கள். 2013இல் வெளிவந்த அதன் முடிவுகள் நம்பிக்கை தருவதாக இருந்தன. ஆனால் இலங்கையின் அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதியில் வீட்டுக்கு வீடு பூட்டுப்போட்ட பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 2017இல் வெளிவந்த முடிவுப்படி, பயன் எதுவும் தெரியவில்லை. சாவி அதே வீட்டில்தானே இருக்கிறது! அதே இலங்கையில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோதுதான், 1990களின் நடுவில் உலகின் உச்சங்களில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே பெட்டி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். மருந்து வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். உரக்கடைக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. முகம் வாடி, பயிர் எதுவென்று சொல்லத் தடுமாறி, மருந்து கேட்கிறவரை “உக்காருங்கண்ணா, டீ சாப்பிடலாம்” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் “போலீஸ் கேஸ் ஆயிரும்” என்ற பயத்தில் மருத்துவமனைக்கே போகாதவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ கட்டாயப்படுத்தவோ செய்யும் முயற்சிக்கு மட்டும் 226ஆம் பிரிவு இருக்கிறது. இதைக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

காகிதமும் சிகிச்சைதான்

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் நடக்கும் ‘ஆத்மியதா’ திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அங்கே பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள், துயரத்தில் இருப்பவரோடு சில அமர்வுகள் பேசுகிறார்கள். அதோடு நிற்காமல் அவருக்கு வர வேண்டிய அரசு உதவிக்கான மனுவையும் எழுதி வாங்கித் தருகிறார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், அது பாதி வேலை.

இங்கேதான் உங்கள் தொழில் அறிவு மனநல ஆலோசகரிடம் இல்லாத பலமாகிறது. பயிர்க்கடனுக்குத் தவணை மாற்ற முடியுமா, காப்பீட்டு இழப்பீடு எந்த மேசையில் நிற்கிறது, முதியோர் உதவித்தொகை ஏன் நின்றது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. நுண்கடன் வசூலுக்கு, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். ஒரு வெள்ளைத் தாளில் அவரோடு சேர்ந்து கடன்களை எல்லாம் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போது. மனதுக்குள் மலையாக இருந்தது தாளில் ஏழு வரியாக நிற்கும்போது, அதில் இரண்டு வரிக்காவது ஏதாவது வழி தென்படும்.

கடன் வசூலுக்கே போகிற களப்பணியாளருக்கு இது இன்னும் கடினம். நீங்கள்தான் அவர் பயத்தின் முகம். அன்றைய தவணைப் பேச்சையும் இந்தப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். ஆபத்துக் குறி தெரிந்தால் வசூலை நிறுத்திவிட்டு, ஊரில் வேறொருவரிடம், செவிலியரிடமோ குழு ஊக்குநரிடமோ, தகவல் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அப்படி நிறுத்தியதற்காக ஊழியரைக் கேள்வி கேட்கிற நிறுவனம் எதுவானாலும், அது திருந்த வேண்டும்.

இரண்டாவது தடவை

பயிற்சி முடித்த பலரும் முதல் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். நம்பரைக் கொடுத்தாயிற்று, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று. என் கணிப்பில் பயிற்சியின் பாதி நேரம் மறுபடியும் போவதைப் பற்றி இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரு மணி நேரம் விளக்கிப் பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அந்தப் பகுதியினரில் பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2. முடிவுகள் 2008இல் வெளிவந்தன. அந்த ஒன்பது தடவையின் இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 1, 2, 4, 7, 11ஆம் வாரம், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதம். தொடக்கத்தில் அடிக்கடி, போகப் போகத் தள்ளித் தள்ளி.

உங்களுக்கு இது தனி வேலையே இல்லை. செயலாளர் அவரைத் தினமும் இருமுறை பார்க்கிறார். வேளாண் அலுவலரின் பயண நிரலில் அந்த ஊர் மறுபடி வந்தே தீரும். செய்ய வேண்டியது அந்தத் தேதிகளில் டைரியில் ஒரு புள்ளி வைப்பது. பெயர் எழுத வேண்டாம். யார் கையிலாவது டைரி கிடைத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். போகும்போது பெரிதாக எதுவும் பேச வேண்டியதில்லை. “போன வாரம் பேசினோமே, அப்புறம் தூக்கம் பரவாயில்லைங்களாண்ணா?” போதும். மாத்திரை தொடங்கியிருந்தால் நடுவில் நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை காட்டச் சில வாரம் ஆகும். “ஒண்ணும் கேக்கல” என்று பத்தாம் நாளே விட்டுவிடுவார்கள்.

அவர் சொன்னது உங்களோடு இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதுவும் உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்லலாம்; அப்படிச் சொல்லப்போவதை அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். டீக்கடையில் ஒரு வார்த்தை கசிந்தாலும், அந்த ஊரில் அதன் பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாம் செய்தும் ஓர் உயிர் போய்விடலாம். அப்போது “இன்னும் ஒரு தடவை போயிருந்தா” என்ற எண்ணம் உங்களை விடாது. அதைத் தனியே சுமக்காதீர்கள். 14416 உங்களுக்கும்தான். அந்தக் குடும்பத்தை விட்டும் விலகிவிடாதீர்கள். எப்படி நடந்தது என்று கேட்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்கூட்டம் கலைந்த பிறகு ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பயிற்சியை ஏற்பாடு செய்வது

அதிகாரி உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஒன்றியத்தில் இருபது பேர் சேர்ந்து, மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: அரை நாள் பயிற்சி, இன்ன இடம், இன்ன தேதி. வேளாண் துறை மட்டும், கால்நடைத் துறை மட்டும் என்று தனித்தனியாக வைக்காமல் எல்லாத் துறையிலிருந்தும் கலந்து சேருங்கள். ஒரே உழவரைப் பார்க்கிற நான்கு பேர் அன்றுதான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திப்பார்கள். கைபேசி எண்களை மாற்றிக்கொள்வார்கள். உரக்கடைக்காரர் இருவரையாவது கட்டாயம் கூப்பிடுங்கள். இடத்துக்கு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கூட்டுறவுச் சங்கக் கட்டடமும் போதும்.

ஒரே ஒரு முறை நடத்திவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு மணி நேரம் கூடி, பெயர் சொல்லாமல், எங்கே தடுமாறினோம் என்று பேசுங்கள். நல்ல திட்டங்கள் பலவற்றிலும் இந்த மறு கூட்டம் உண்டு. சமூகப் பணி படித்துவிட்டு வேலை தேடுகிற இளைஞர்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள்; மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளர், சமூகப் பணியாளர் பணியிடங்கள் உண்டு, களம் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பும் உண்டு.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது சந்தைக் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். காலைப் பால் வண்டி போன பிறகு, ஒன்பதரைக்குத் தொடங்கலாம். பேசிப் பார்க்கும் பயிற்சிக்கு நேரம் கூடுதலாக ஒதுக்கிவிட்டு, படக்காட்சியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்குள் சாப்பாட்டையும் முடித்துவிட்டால், மாலைப் பாலுக்கு எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.